பத்துப் பந்துக் கணக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே பழைய இழுவலைத் துண்டு ஒன்று தொங்குகிறது. பாம்பனில் வலை கிடக்காத வீடு அபூர்வம். ஆனால் நான் தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வலைக்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறேன். பக்கத்து வீட்டு மீனவத் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பும் நேரமும் அதுதான். "என்ன சுபேதார் சார், இன்னைக்குப் பாடு எப்படி?" என்பார். "பத்துக்கு ஆறு தேறும்ப்பா" என்பேன். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

பாம்பன்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. நானும் போனேன். பணிக்காலத்தில் பாதி வெலிங்டனில் கழிந்தது. அதிகாரிகளின் பந்தைத் தேடிக் கொடுப்பதில் ஆரம்பித்து, ஜே.சி.ஓ. ஆன பிறகு நானே ஆடத் தொடங்கினேன். 1994-ல் ஓய்வு பெற்றுப் போன மேஜர் ஒருவர், "இது உனக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லித் தம் பையிலிருந்து ஒரு 5-வுட்டை உருவிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருடமாக என்னிடம் இருப்பது அதுதான்.

இந்த விளையாட்டு நம் ஊரை எட்டிப் பார்க்காமல் போகவும் இல்லை. கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் இருந்தது. கொழும்பில் 1879-ல் வந்தது. கொழும்பு மைதானத்தின் நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். 1914-லிருந்து போட் மெயில் பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடிக்குப் போன காலத்தில், தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களின் கோல்ஃப் பைகளும் நம் பாம்பன் ஜங்ஷனைக் கடந்து போயிருக்கக்கூடும் என்று நான் நினைப்பதுண்டு. சரி, பழங்கதை போதும். சொல்ல வந்தது ஒரு கட்டையைப் பற்றி.

என் தம்பி மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். போன வருடம் எனக்கு எழுபது முடிந்தபோது, "பெரியப்பா, அந்தப் பழைய கட்டையத் தூக்கிப் போடுங்க. புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று ஒரு கோல்ஃப் கடைக்கு அழைத்துப் போனான். குளிரூட்டிய அறை. தரையில் பச்சை விரிப்பு. எதிரே திரை. அடித்தால் பந்து திரையில் மோதும். எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பக்கத்தில் உள்ள கருவி சொல்லும்.

கடைப் பையன் ஒரு 3-வுட்டைக் கொடுத்தான். நான் பத்துப் பன்னிரண்டு பந்து அடித்தேன். இரண்டு மூன்று உச்சந்தலையில் பட்டுத் தரையோடு ஓடின. ஒவ்வொரு முறையும் அந்தப் பையன் மரியாதையாக, "அது கணக்குல வேணாம் அங்கிள்" என்று ஒரு பொத்தானை அழுத்தி அதை அழித்துவிட்டான். கடைசியில் திரையில் நின்றது நான்கு பந்து. சராசரி 201 கஜம். தம்பி மகன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் முகத்திலும்தான், பொய் சொல்வானேன். 34 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினான்.

அந்த 34 ஆயிரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. ஒரு கட்டையை அது அடித்த நல்ல பந்தால் அளக்கக் கூடாது; கெட்ட பந்தால் அளக்க வேண்டும். கடையில் அழித்துவிட்ட பந்துகள்தான் என் உண்மையான ஆட்டம்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக ஒரு பத்தி. ஆட்டத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றும் சில நூறு கஜ தூரத்தில். முதல் அடியைப் பந்தை ஒரு சிறு ஆணி மேல் வைத்து, டிரைவர் என்ற பெரிய மட்டையால் அடிக்கலாம். அடுத்த அடிக்கு ஆணி கிடையாது. பந்து புல்லில் கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். வெட்டிய புல்வெளிப் பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். அங்கிருந்து இன்னும் 200 கஜம் போக வேண்டியிருந்தால் எடுக்கும் மட்டைதான் ஃபேர்வே வுட். முன்பு அதன் தலையை பெர்சிமன் மரத்தில் கடைந்தார்கள். நம் கருங்காலிக்கு அது சொந்தக்கார மரம், ஒரே இனம். 1979-ல் கேரி ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகுத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு மரம் மெல்ல மெல்லப் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஃபைபரில் செய்தாலும் நாம் வள்ளம் என்றுதானே சொல்கிறோம்.

3, 5, 7 என்ற எண்கள் அடிமுகத்தின் சாய்வைக் குறிக்கும். 3-வுட்டுக்குச் சுமார் 15 டிகிரி. 5-வுட்டுக்கு 18, 19. 7-வுட்டுக்கு 21, 22. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும் என்பது காகிதக் கணக்கு. அந்தத் தாழ்ந்த சாய்வில் பந்தைத் தரையிலிருந்து எழுப்பக் கை வேகம் வேண்டும். இளவயதுக்காரனுக்கு அது இருக்கிறது. எழுபது வயதில் வேகம் இல்லாதவனுக்குச் சாய்வுதான் துணை. அவன் 3-வுட்டால் அடித்தால் பந்து எழும்பாமல் சீக்கிரம் தரை தட்டும். 5-ஐயோ 7-ஐயோ எடுத்தால் பந்து காற்றில் கூடுதல் நேரம் நின்று, பல சமயம் 3-வுட்டைவிடத் தூரமாகவே போய் விழும்.

வீட்டுக்கு வந்து கொல்லை வலையில் முதல் சோதனை. மட்டையின் முகத்தில் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவிக்கொண்டு அடித்தேன். பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். காசில்லாத கருவி இது. யாரும் செய்து பார்க்கலாம். பழைய 5-வுட்டில் தடங்கள் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுற்றியே விழுந்தன. புது 3-வுட்டில் முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி. பாதி அடிவிளிம்பில்.

கடையில் ஏன் தெரியவில்லை? விரிப்புதான் காரணம். மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையைத் தட்டினாலும் விரிப்பு வழுக்கிவிட்டுவிடும். பந்து ஒழுங்காகவே போகும். புல்லும் மண்ணும் அப்படி மன்னிக்காது. ஆகவே முதல் பாடம்: ஃபேர்வே வுட்டை விரிப்பில் சோதித்து வாங்காதீர்கள். புல்லில் அடித்துப் பார்க்க வழியில்லை என்றால், யாரிடமாவது அதே சாய்வுள்ள மட்டையை இரவல் வாங்கி ஒரு நாள் ஆடிப் பாருங்கள்.

அடுத்த மாதம் வெலிங்டன் போனேன். வருடத்தில் மூன்று நான்கு தடவை போவேன். குன்னூரில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட என் பழைய ஹவில்தார் நண்பர் வீட்டில் தங்கல். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடியவர். ஆறு வருடத்துக்கு முன்பு ஆட்டத்தை விட்டுவிட்டார். கேட்டால் முழங்கால் என்பார். எனக்கு உண்மை தெரியும். அவரும் மகன் வாங்கிக் கொடுத்த ஒரு 3-வுட்டுடன் இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். நாலு பேர் முன்னால் பந்து தரையோடு உருளும்போதெல்லாம் முகம் சிறுத்துப் போகும். "நமக்கு வயசாயிடுச்சுப்பா" என்று பையைப் பரணில் ஏற்றிவிட்டார். அதோடு காலை நடையும் போயிற்று, நாலு பேரோடு பேசுவதும் போயிற்று. வயது ஆனது உண்மைதான். ஆனால் அவரை வீட்டில் உட்கார வைத்தது வயதா, பொருந்தாத கட்டையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அன்று காலை அவரையே துணைக்கு அழைத்தேன். "நீங்க ஆட வேணாம் அண்ணே, பந்து விழுற இடத்தை எண்ணிச் சொல்லுங்க போதும்." இன்னொரு ஓய்வு பெற்ற நண்பரிடம் 7-வுட் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும் முன் ஓரமாக நின்று மூன்று மட்டையாலும் பத்துப் பத்துப் பந்து. ஒன்றையும் அழிப்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். களைப்பு ஒரே மட்டையின் தலையில் விழாதபடி மாற்றி மாற்றி அடித்தேன். தூரத்தைக் காலடியால் அளந்தார் நண்பர். ஐந்து கஜம் முன்னே பின்னே இருக்கலாம்.

புது 3-வுட்: மிக நல்ல அடி 190 கஜம். மிக மோசமானது 63. பத்தின் சராசரி 134.

பழைய 5-வுட்: நல்லது 168. மோசமானது 112. சராசரி 152.

இரவல் 7-வுட்: நல்லது 160. மோசமானது 129. சராசரி 151.

மூன்றிலும் தூரமாகப் போன பந்து புது 3-வுட்டுடையது. அதை மட்டும் பார்த்தால் தம்பி மகன் சொன்னது சரி. பத்தையும் கூட்டினால் அதுதான் கடைசி. இன்னொன்றும் கவனியுங்கள். பழைய 5-க்கும் இரவல் 7-க்கும் சராசரியில் ஒரு கஜம்தான் வித்தியாசம். காலடி அளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 7-வுட்டின் மோசமான அடிகூட 129 கஜம் போயிருக்கிறது. என் போன்ற அன்றாட ஆட்டக்காரனைக் காப்பாற்றுவது அந்த 129தான். 63 கஜம் உருண்டவன் அடுத்த அடியில் அதை ஈடுகட்டப் பார்ப்பான், மூச்சைப் பிடித்து ஓங்குவான், அதுவும் போகும். இழந்த தூரம் போக, மனசும் போய்விடும்.

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வள்ளம் வாங்குகிறவர் காற்று அமர்ந்த நாளில் அது எவ்வளவு வேகம் ஓடுகிறது என்றா பார்க்கிறார்? வாடைக் காற்றில் அலை தூக்கி அடிக்கிற நாளில் ஆளைக் கரை சேர்க்குமா என்று பார்ப்பார்.

கெட்ட அடியையும் ஒரு மட்டை தாங்குவது எப்படி என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்ஸர் தூக்கு நினைவிருக்கிறதா? அத்தனை பெரிய இரும்பை ஆட்கள் கையால் சுற்றியே மேலே தூக்கினார்கள். எதிர் எடையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்ததால் வந்த சுலபம் அது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் மோட்டார் வந்துவிட்டது. எதிர் எடை அங்கேயும் உண்டு. மட்டைத் தலையிலும் சங்கதி எடை இருக்கும் இடத்தில்தான். எடை கீழேயும் பின்னேயும் இருந்தால் பந்து சுலபமாக எழும்பும். ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. எடையை முன்னே தள்ளி வைத்தால் பந்தின் சுழற்சி குறையும், வேகக்காரனுக்குத் தூரம் கிடைக்கும், மற்றவனுக்குச் சிரமம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் கேட்பதோ, "எவ்வளவு தூரம் போகும்?"

அந்தக் கேள்விக்கு விளம்பரங்கள் வருடா வருடம் ஒரு புதுப் பதில் வைத்திருக்கின்றன. முகத்தின் துள்ளலுக்கு விதியிலேயே உச்சவரம்பு உண்டு, 0.83 என்று. விதிப்படி செய்கிற எந்தக் கம்பெனியும் அதைத் தாண்ட முடியாது. பின் வருடா வருடம் எங்கிருந்து வருகிறது கூடுதல் தூரம்? புதுமையே இல்லை என்று சொல்லவில்லை. ஓரத்தில் பட்ட பந்தும் வீணாகாமல் போவதில் உண்மையாகவே முன்னேற்றம் இருக்கிறது. இரவல் வாங்கிய 7-வுட் என் பழைய கட்டையைவிட ஏழெட்டுத் தலைமுறை புதியது; அதன் 129-ல் சாய்வுக்கும் பங்கு உண்டு, அந்தப் புதுமைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு இந்த வருட மாடல்தான் வேண்டும் என்பதில்லை. மூன்று நான்கு வருடப் பழசை, ஒருவர் ஆடி விட்டதைப் பாதி விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வாங்கலாம்.

எழுதும்போதே இரண்டு மறுப்புகள் காதில் விழுகின்றன.

"7-வுட் எல்லாம் பெண்களும் கிழவர்களும் ஆடுவது" என்பார்கள். 2020-ல் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்ற டஸ்டின் ஜான்சன் பையில் 7-வுட் இருந்தது. உலகத்திலேயே தூரமாக அடிப்பவர்களில் ஒருவர் அவர். அவருக்கே வெட்கம் இல்லாதபோது நமக்கு என்ன?

"இதற்கு ஹைப்ரிட் போதாதா?" என்பது நியாயமான கேள்வி. தலை சிறிதாக, அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவில் நிற்கிற மட்டை அது. புல் அடர்ந்த இடத்தில் ஹைப்ரிட்தான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய புல்லில் மட்டும் என் ஓட்டு வுட்டுக்கே. அகன்ற அடிப்பாகம் புல்லில் வழுக்கிக்கொண்டு போகும், மண்ணில் குத்தாது, மணிக்கட்டும் முழங்கையும் பிழைக்கும். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்க விதி இடம் தராது. நம் வயதில் அதில் பாதியைத் தூக்கினாலே பெரிய விஷயம். எடுக்கிற ஒவ்வொன்றும் கூலிக்கு வேலை செய்ய வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் உப்புக்காற்று எதையும் விடாது. எஃகுத் தண்டு ஒரு வருடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிடும். கிராஃபைட் தண்டு துருப்பிடிக்காது, எடையும் குறைவு, வயதான கைக்கு இதம். வளைவு குறைந்த விறைப்பான தண்டை வீரத்துக்காக வாங்காதீர்கள். ரெகுலரோ, சீனியர் என்று எழுதியதோ போதும். அப்புறம், மலையில் மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும். என் மேற்படி கணக்கெல்லாம் வெலிங்டன் கணக்கு. கடல் மட்டத்தில் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு கஜம் கழித்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லாதவர்கள் ஆட முடியாத விளையாட்டு இது என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியும் உண்டு. 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேரும் 2009-ல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் அடுத்தவர் பையைச் சுமந்த கேடிகளாக இருந்து மேலே வந்தவர்கள். கடைத் திரையில் எண் பார்த்து அவர்கள் ஆட்டம் கற்கவில்லை. எந்த மட்டை யார் கையில் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே கண்ணுக்குள் கணக்கு வைத்திருப்பவர்கள் கேடிகள். நல்ல அடி, கெட்ட அடி இரண்டையும் பார்த்தவர்கள்.

தம்பி மகனிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. ஆசையாக வாங்கிக் கொடுத்தவன். பொங்கலுக்கு வந்தபோது காகிதத்தில் எழுதி வைத்த முப்பது எண்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் கடைக்காரன் அழிச்சப்ப நானும் பார்த்துக்கிட்டுத்தான் பெரியப்பா இருந்தேன். எனக்கே தோணல" என்றான். பிறகு கொல்லைக்குப் போய் அதே 3-வுட்டை எடுத்து வலையில் நாலு அடி அடித்தான். தென்னை இரண்டும் ஆடின. இருபத்தாறு வயது வேகம். "இது உன் கட்டைடா, எடுத்துட்டுப் போ" என்றேன். வாங்கியவனுக்கே போய்ச் சேர்ந்தது. எனக்கு மேஜர் கொடுத்த 5-வுட்டே போதும். பழைய 7-வுட் ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்குவதாக இருக்கிறேன்.

வெலிங்டன் காலையில் நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். முப்பது பந்தும் அடித்து முடித்த பிறகு, இரவல் 7-வுட்டை நண்பர் கையில் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. முதல் பந்து பத்தடி உருண்டது. "பார்த்தியா?" என்றார். இரண்டாவது வலப்பக்கம் புதருக்குள். மூன்றாவது எழும்பியது. பெரிய தூரம் இல்லை. 120, 130 கஜம் இருக்கும். ஆனால் வானத்தில் போயிற்று. அவர் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மட்டையைத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் போன் பண்ணினார். பரணிலிருந்து பையை இறக்கிவிட்டாராம், எலி கடித்திருக்கிறதாம். "அடுத்த தடவை வர்றப்போ நீ எண்ணு, நான் அடிக்கிறேன்" என்றார்.

பத்தையும் எண்ணுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.